பொதுக் கிணற்றுக்கு எது பொருந்தும்: குளோரினா, யூவி விளக்கா?

பினாங்கில் பெரும்பாலான வீடுகளுக்குக் குழாய்நீர் எப்போதோ வந்துவிட்டது. அது எட்டாத தோட்டத்து லயத்திலும் மலையோரக் கம்பத்திலும், பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒரே கிணற்றை நம்பி இருந்தால், கிருமி நீக்கக் குளோரின் போடுவதா, புற ஊதாக் கதிர் பாய்ச்சும் யூவி விளக்கு வைப்பதா என்ற கேள்வி வரும். எங்கள் தேர்வு குளோரின்.

கிணற்றுக்கு மூடி, சுற்றுச்சுவர், சிமெண்ட் தளம் வேண்டும். கழிவறைக் குழி எட்டத்தில் இருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் இரண்டுமே வீண்.

யூவியின் சிறப்பு உண்மையானது. வாசமில்லை, சுவை மாறாது, குளோரினுக்கு மசியாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியையும் முடக்கும். ஆனால் அதற்குத் தெளிந்த நீர் வேண்டும்: கலங்கல் 1 என்டியூவுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு), இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்குள், முன்னால் 5 மைக்ரான் ஃபில்டர். இரும்பு கூடினால் விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் செம்படலம் படிந்து ஒளியை மறைத்துவிடும். வினிகரில் துடைத்தால் போகும், திரும்பவும் படியும். விளக்கையும் ஏறக்குறைய 9,000 மணி நேரத்தில், அதாவது ஆண்டுக்கு ஒருமுறை, மாற்ற வேண்டும். நீல வெளிச்சம் தெரிகிறதே என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு; வெளிச்சம் இருக்கும்போதே கிருமியைக் கொல்லும் கதிர் குறைந்துபோயிருக்கும்.

இதையெல்லாம் ஒழுங்காகப் பார்க்க ஆள் இருந்தாலும் எங்கள் முடிவு மாறாது. காரணம், விளக்கைத் தாண்டிய பிறகு அந்த நீருக்குக் காவல் இல்லை. அடுத்து அது தொட்டியில் தங்கும், நீண்ட குழாயில் போகும். தொட்டி மூடி சரியாக மூடாமல் பல்லி விழும். பம்ப் நின்று அழுத்தம் இறங்கும்போது, சாக்கடையோரம் விரிசல் விட்ட குழாய் அழுக்கு நீரை உள்ளே இழுக்கும். நீரில் எஞ்சி நிற்கும் குளோரின், இப்படி நுழையும் சிறு அழுக்கையாவது சமாளிக்கும். அது நிற்கிறதா என்று கடைசி வீட்டுக் குழாயில் யாரும் சோதிக்கலாம்: குளோரினைக் காட்டும் டிபிடி சோதனை மாத்திரை ஒன்றைக் குழாய்நீர் மாதிரியில் கரைத்து, வரும் இளஞ்சிவப்பு நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் போதும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது காட்ட வேண்டும். யூவி நீரை அப்படிக் குழாயடியில் நின்று சோதிக்க வழியில்லை. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும்.

அளவு இதுதான். 400 கேலன் தொட்டி, சுமார் 1,800 லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று தொடங்கினால் 65 சதவீதக் குளோரின் தூள் ஐந்தரை கிராம் போதும். பிளாஸ்டிக் வாளியில் முதலில் நீர், பிறகு தூள். கலக்கித் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். தூள் கிடைக்காவிட்டால் வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் 72 மில்லி. அரை மணி நேரம் கழித்துத் தொட்டியிலேயே சோதியுங்கள்; 0.5க்குக் கீழே இருந்தால் அளவைக் கூட்டுங்கள். பிளீச் நம் வெயிலில் சீக்கிரம் வீரியம் இழக்கும், அதனால் நிழலில் வையுங்கள், பெரிய கேனாக வாங்கிச் சேர்க்காதீர்கள். குளோரினோடு அமிலம் எதையும் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

குளோரின் போட்டதும் தண்ணீர் தேநீர் நிறமானால் பயப்பட வேண்டாம். கரைந்திருந்த இரும்பு துருவாகப் பிரிகிறது. ஒரு மில்லிகிராம் இரும்பு 0.6 மில்லிகிராம் குளோரினைத் தின்றுவிடும் என்பதால், அளவு சரியாகப் போட்டும் மாத்திரை நிறம் காட்டாமல் போகும். இத்தகைய கிணற்றின் நீரில் குளோரின் சேர்த்த பின் அதைத் தங்கவிட்டு மணல் ஃபில்டர் வழியாக அனுப்புங்கள், நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்தி மணலை அடிக்கடி அலசுங்கள், பிறகு எஞ்சியதை மறுபடி சோதியுங்கள். நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 8க்கு மேல் போனால் குளோரின் வலு குறையும், கூடுதல் நேரம் தேவைப்படும்.

கையால் ஊற்றுவது சலித்தால், கிணற்று பம்ப் ஓடும்போது மட்டும் ஓடும்படி குளோரின் கரைசலை அளவாகச் சொட்டவிடும் சிறு டோசிங் பம்பை அதன் மின்னிணைப்பிலேயே சேர்க்கலாம். முதலில் அடைபடுவது மருந்து சொட்டும் முனைதான். அதைக் கழற்றி, குளோரின் போக வெறும் நீரில் நன்றாக அலசி, அதன் பிறகே வினிகரில் ஊறவையுங்கள்.

இரும்பில்லாத கிணறு, ஒரே வீடு, குடிக்கும் குழாயில் நேராகப் பொருத்தும் கருவி என்றால் யூவியைத் தாராளமாக வாங்கலாம். மின்சாரம் போனால் நீரையும் நிறுத்தும் வால்வு உள்ளதாகப் பாருங்கள். பல வீடுகளுக்கு ஒரே தொட்டி என்றால் குளோரினை விடாதீர்கள்.