தூத்துக்குடியில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரண்டு நாள்கள்

டொராண்டோவில் விடுப்பு உறுதியாவதற்குள் டிசம்பர் பிறந்துவிட்டதால், முத்துநகர் எக்ஸ்பிரஸில் நாங்கள் தூத்துக்குடி வந்து இறங்கியது 23ஆம் தேதி காலையில்தான். மகளுக்கு உடுப்பு, கிறிஸ்துமஸ் குடிலுக்கு இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரின் சுரூபம் (சிலை) ஒன்று, உறவினர் வீடுகளுக்கு மக்ரூன் என எல்லாவற்றையும் இரண்டே நாளில் வாங்க வேண்டியிருந்தது.

அப்பாவின் சட்டையை மட்டும் நான் முன்கூட்டியே இணையத்தில் வாங்கி, 21ஆம் தேதி வீட்டுக்கு வந்து சேரும்படி பதிவு செய்திருந்தேன். அன்று நாள் முழுவதும் அம்மா வாசலை விட்டு நகராமல் காத்திருந்தும், வீடு பூட்டியிருந்ததாக எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. அந்தக் கூரியர் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டபோது, பார்சல் எந்த மூட்டையில் கிடக்கிறது என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை; பண்டிகை கழிந்து வரச் சொன்னார்கள். தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். திறந்திருந்த வீட்டைப் பூட்டியிருந்ததாகப் பதிந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

பணம் கொடுப்பதில் சிரமம் இருக்கவில்லை. கனடா, சிங்கப்பூர், அமீரகம் உள்ளிட்ட சில நாடுகளில் இருப்போர், வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்குகளை அந்நாட்டுக் கைப்பேசி எண்ணுடனேயே யுபிஐயில் இணைக்க 2023 முதல் வழி இருக்கிறது. வங்கிக்கு வங்கி நடைமுறை மாறுவதால், இதைப் புறப்படுவதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டு அட்டையைச் சிறு கடைகளில் நம்ப முடியாது.

மக்ரூன் வாங்க 24ஆம் தேதி காலையிலேயே போய்விட வேண்டும். முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரிப் பருப்பும் சேர்ந்த கலவையைக் கூம்பு கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் பல மணி நேரம் காயவிட்டு எடுப்பதால், கூட்டம் வந்துவிட்டது என்பதற்காக அவசரமாகப் போட்டுத் தர இயலாத பண்டம் அது. காற்றுப் பட்டால் நமர்த்துவிடும் என்று சொல்லி, கடைக்காரர் இரட்டைப் பாலித்தீன் பையில் கட்டி, பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் கொண்டுபோகச் சொன்னார்.

சுரூபங்களைப் பொதுவாக முழு செட்டாகத்தான் விற்பார்கள். எங்கள் வீட்டுச் சூசையப்பர் மட்டும் உடைந்துபோனதைச் சொன்னதும், கடைக்கார அண்ணாச்சி அத்தனை நெரிசலுக்கு நடுவிலும் உள்ளே போய், ஜோடி தவறிய சுரூபங்கள் கிடந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து, வைக்கோலை விலக்கி விலக்கித் தேடினார். கிடைத்தவர் எங்கள் மாதாவைவிட ஒரு விரல் உயரம். அம்மாவுக்கு அதுவே பிடித்துப்போயிற்று.

உடுப்பு விஷயத்தில்தான் நான் நம்பிக்கை இழந்திருந்தேன். டிசம்பர் 10க்குப் பிறகு கிறிஸ்துமஸ் தையல் எடுப்பதில்லை என்று எங்கள் தெருத் தையற்காரர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார். ஆனாலும் அம்மாவைக் கண்டதும், "புதுசு தைக்க முடியாதுக்கா, ரெடிமேடு வாங்கிட்டு வாங்க, அளவு பிடிச்சுத் தாரேன்" என்றார். வாங்கி வந்த கவுன் மகளுக்குக் கணுக்கால் வரை தொங்கியது. அவளை முக்காலியில் ஏற்றி நிறுத்தி, வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கரையில் குத்திக்கொண்டு வந்தவர், அதிகமான துணியை வெட்டிவிடச் சொன்ன என்னைத் தடுத்து, "அடுத்த வருசமும் பிள்ளை போடணும்லா" என்று நான்கு விரல் அகலத்துக்கு உள்ளே மடித்து வைத்தார்.

24ஆம் தேதி இரவு ஒன்பதரை மணிக்கு நான் வாங்கப் போனபோது, கொக்கிகளில் இன்னும் ஏழெட்டு ரவிக்கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. எங்கள் கவுனைத் தேய்த்து மடித்து வைத்திருந்தார். கையில் வாங்கும்போது அதில் சூடு இருந்தது. 60 ரூபாய் கேட்டார். கூடுதலாக நீட்டியதை வாங்க மறுத்து, பூசைக்கு நேரமாகிறது என்று என்னை அனுப்பிவிட்டு மீண்டும் மெஷினில் உட்கார்ந்தார்.