பிளென்காத்ரா: நவம்பரில் தனியாகப் போனால் ஷார்ப் எட்ஜா, ஹால்ஸ் ஃபெல்லா?

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில், கெசிக் ஊருக்குக் கிழக்கே, ஏ66 சாலையில் போகிற எல்லோர் கண்ணிலும் படுகிற மலை பிளென்காத்ரா. உயரம் 868 மீட்டர். புல்சரிவு வழியாக நடந்தே ஏறிவிடலாம். ஆனால் கையும் காலும் சேர்த்துப் பாறையைப் பற்றி ஏறுகிற ஸ்க்ராம்பிளிங்குக்காகப் போகிறவர்கள் தேடிப் போவது இரண்டு முகடுகளை: ஷார்ப் எட்ஜ், ஹால்ஸ் ஃபெல். கையேடுகள் இரண்டுக்கும் கிரேடு 1, அதாவது ஸ்க்ராம்பிளிங்கில் மிக எளிய தரம், என்றுதான் போட்டிருக்கும். ஒரே எண்ணாக இருப்பதால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜூன் மாதத்து நல்ல வெயிலில், கூட ஒரு ஆள் இருந்தால் அது ஓரளவு சரிதான். நவம்பர், தனி ஆள், தெரியாத வழி, இந்த மூன்றும் சேரும்போது சரியில்லை. அப்போது என் பதில் ஹால்ஸ் ஃபெல், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

முதலில் பாறை. இரண்டு முகடுமே ஒரே கல்தான், ஸ்கிடா ஸ்லேட். பள்ளிக்கூடத்தில் சிலேட்டில் எழுதியவர்களுக்கு இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோவை இலையைத் தேய்த்தோ எச்சில் தொட்டோ அழிக்கும்போது விரல் எப்படி வழுக்கிக்கொண்டு போகும் என்பது கைக்கே ஞாபகம் இருக்கும். காய்ந்திருந்தால் நல்ல கல். நனைந்தால், அதிலும் பல வருடங்களாக ஆயிரக்கணக்கான பூட்ஸ் தேய்த்துப் பளபளப்பாக்கிய இடங்களில், நம்பவே முடியாத கல். ஆகவே நவம்பரில் முதலில் கேட்க வேண்டியது எந்த முகடு சீக்கிரம் காயும் என்பதுதான். நவம்பர் நடுவில் அந்த ஊரில் நண்பகல் சூரியனே அடிவானத்துக்கு மேல் 17 டிகிரிதான் ஏறும். ஹால்ஸ் ஃபெல் தெற்குப் பார்த்து நீண்டு இறங்குவதால் கிடைக்கிற கொஞ்ச வெயிலும் அதன் மேல் விழுகிறது. ஷார்ப் எட்ஜ் இருப்பது மலைக்குப் பின்பக்கம், ஸ்கேல்ஸ் டார்ன் என்ற சுனை கிடக்கும் குழிக்கு மேலே. தெற்கே மலையின் முதுகே வெயிலை மறைத்து நிற்கிறது. மழை நின்று இரண்டு நாளானாலும் அங்கே கல் ஈரமாகவே இருக்கலாம்.

நான் முதலில் போனது ஷார்ப் எட்ஜுக்குத்தான், சொல்லப்போனால் அந்தப் பெயருக்காகவே. பென்ரித் ஸ்டேஷனில் இறங்கி, கெசிக் போகும் எக்ஸ்5 பேருந்தில் ஸ்கேல்ஸ் என்ற சின்ன ஊரில் இறங்கினேன். மவுஸ்த்வைட் கூம் வழியாக ஏறும்போது பெரணிச் செடிகள் எல்லாம் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் சாய்ந்து கிடந்தன. வலது பக்கம் கீழே கிளெண்டரமாக்கின் ஆறு வளைந்து போகும் சத்தம் மட்டும் கேட்டது. அன்று மழை கிடையாது, வானமும் வெளுத்துத்தான் இருந்தது. சுனைக்கு வந்து சேர்ந்தபோது மணி 11 தாண்டியிருந்தது, தண்ணீர் கறுப்பாக அசையாமல் இருந்தது. வெயிலே படாத அந்தச் சுனையில் பட்டப்பகலிலும் நட்சத்திரம் தெரியும் என்று பழைய கதை ஒன்று உண்டு. அங்கே நின்று பார்த்தால் கதை எங்கிருந்து வந்தது என்று புரியும்.

முகட்டின் அடிப்பாறை வரை ஏறி, கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையைக் கல்லில் வைத்தேன். கண்ணுக்கு வெறும் சாம்பல் நிறம், தொட்டால் எண்ணெய் தடவிய தோசைக்கல் போல ஒரு மெல்லிய படலம், இடுக்குகளில் பச்சைப் பாசி. பூட்ஸின் முனையை ஒரு சரிவில் வைத்து எடையை மெதுவாக மாற்றிப் பார்த்தேன். இரண்டாவது முறை கால் ஒரு விரற்கடை வழுக்கியது. அவ்வளவுதான், திரும்பிவிட்டேன். சுனைக்கு இறங்கி, அங்கிருந்து இடது பக்கம் ஸ்கேல்ஸ் ஃபெல்லின் புல்முதுகுக்கு ஏறும் தடத்தைப் பிடித்து உச்சிக்குப் போனேன். அந்தத் தடம் இருக்கிறது என்பதை முந்தின நாள் இரவு வரைபடத்தில் பார்த்து வைத்திருந்ததால்தான் அந்த முடிவை இரண்டு நிமிடத்தில் எடுக்க முடிந்தது.

அடுத்த ஜூனில், அந்த முகட்டை முன்பே ஏறியிருந்த நண்பரோடு, காய்ந்த கல்லில் ஷார்ப் எட்ஜை முடித்தபோதுதான் நவம்பரில் திரும்பியது எவ்வளவு சரி என்று தெரிந்தது. அங்கே சிக்கல் முழுவதும் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. மோசமான படி என்றுதான் எல்லோரும் அந்த இடத்தைச் சொல்கிறார்கள்: ஒரு பக்கமாகச் சரிந்த வழவழப்பான கல்லின் மேல் நகர்ந்து, ஒரு சின்னப் பிளவுக்குள் இறங்கி, அந்தப் பக்கம் ஏற வேண்டும். நான்கைந்து அசைவுதான். ஆனால் சரிவு உங்களைத் தள்ளுகிற திசையில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, நேரே கீழே பள்ளம். முகட்டின் கூர் வேண்டாம் என்கிறவர்களுக்குப் பக்கவாட்டில் ஒரு தடம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது இந்த இடத்தைத் தவிர்க்க உதவாது. இதைக் கடந்ததும் ஃபவுல் கிராக் என்ற செங்குத்துப் பாறைப் பகுதி, அங்கே பாதையை விட்டு ஓரத்துப் பிளவுகளில் ஏறிவிட்டால் இன்னொரு ஆபத்து. கீழே பார்த்து இறங்குவது ஏறுவதைவிடக் கடினம் என்பதால், மோசமான படியைத் தாண்டிவிட்டால் மனம் ‘திரும்பு’ என்று சொன்னாலும் கால் மேலேதான் போகும். தனி ஆளுக்கு இதுதான் மிக மோசமான அமைப்பு.

ஹால்ஸ் ஃபெல் இதற்கு நேர் எதிர். த்ரெல்கெல்ட் ஊரிலிருந்து கேட்கில் பண்ணை வழியாகப் போய், ஓடையைத் தாண்டி, பழைய சுரங்கத்தின் மிச்சங்களுக்குப் பக்கத்தில் முகட்டின் அடிக்கு வருவீர்கள். உச்சிவரை கிட்டத்தட்ட 700 மீட்டர் ஏற்றம், விட்டுக்கொடுக்காத ஏற்றம். முதல் பாதி புல்லும் ஹெதர் புதருமாக முழங்காலைச் சோதிக்கும், பாறை எதுவும் இல்லை. மேல் பாதியில்தான் நேரோ எட்ஜ் என்ற கல்முகடு வருகிறது. அங்கேயும் கடினமான இடங்கள் பிரிந்து பிரிந்து வருகின்றன. ஒரு சின்னப் பாறைக்கூர், பிறகு நாலு எட்டு நடை, பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றையும் பார்த்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று முடிவு செய்யலாம், ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் கூருக்குக் கொஞ்சம் கீழே தேய்ந்த தடம் ஒன்று கூடவே வருகிறது. அந்தத் தடமும் சில இடங்களில் சரளை சரிந்து கிடக்கும், அதனால் கவனம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த நவம்பரில் ஷார்ப் எட்ஜிலிருந்து திரும்பி ஒரு வாரம் கழித்து, மறுபடியும் தனியாக, ஹால்ஸ் ஃபெல்லில் ஏறினேன். முகட்டின் இடது பக்கம் உறைபனி வெள்ளையாக ஒட்டியிருந்தது, வலது பக்கம் காலை வெயிலில் கல் காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது, ஒரே பாறையின் இரண்டு கன்னங்களிலும் இரண்டு பருவம். வெயில் பக்கத்துப் பிடிகளாகப் பார்த்துப் பார்த்து ஏறினேன். இரண்டு இடங்களில் பனி முகட்டின் மேலேயே ஏறி வந்திருந்தது, அங்கே தடத்துக்கு இறங்கிக்கொண்டேன். தெரியாத வழியில் தனியாகப் போகும்போது இந்தத் தேர்வு கையில் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மூடுபனி வந்தால்? ஹால்ஸ் ஃபெல் உங்களை நேராக உச்சியிலேயே கொண்டுபோய் விடும். முகடு முடியும் இடம்தான் உச்சி. தரையோடு பதிந்த கான்கிரீட் வளையம் ஒன்று அங்கே இருக்கும், அதைக் கண்டால் சந்தேகமே வேண்டாம். ஷார்ப் எட்ஜ் அப்படியில்லை, அட்கின்சன் பைக் என்ற தனி மேட்டுப் பக்கம் கொண்டுபோய் விடும், அங்கிருந்து உச்சிக்கு அகன்ற புல்வெளியைக் கடக்க வேண்டும். வழியில் வெள்ளைக் கற்களை அடுக்கிய பெரிய சிலுவை வரும். தெளிவான நாளில் சுகமான நடை. பனிமூட்டத்தில், களைத்துப்போய், மாலை 3 மணிக்கு என்றால் திசைகாட்டியை எடுத்தே ஆக வேண்டும்.

நேரத்தை இங்கே கறாராகப் பார்க்க வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். நவம்பர் நடுவில் மாலை 4 மணியைக் கொஞ்சம் தாண்டினாலே சூரியன் மறைந்துவிடும். மதியம் 12 மணிக்குள் கல்முகட்டின் அடியில் இல்லை என்றால் இரண்டு முகட்டையும் விட்டுவிட்டு ஸ்கேல்ஸ் ஃபெல் புல்வழியில் போய் வருவேன். இறங்குவதற்கு அதே வழிதான், எந்த முகட்டில் ஏறினாலும் சரி. அகலமான தடம், விளக்கு வெளிச்சத்திலும் இறங்கலாம். வண்டி த்ரெல்கெல்டில் நிற்கிறது என்றால் பிளீஸ் ஃபெல் வழியாக வளைந்து வளைந்து இறங்கலாம், அதுவும் நல்ல வழி.

ஹெல்வெலின் மலையின் ஸ்ட்ரைடிங் எட்ஜை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்பவர்களுக்கு: அதன் கல் எரிமலைக் கல், ஈரத்தில் ஸ்லேட்டைவிடப் பிடி கொடுக்கும், ஆள் நடமாட்டமும் அதிகம். ஆனால் அந்த மலை 950 மீட்டர், நவம்பர் கடைசியில் அங்கே பனி விழுந்திருக்க வாய்ப்பு கூடுதல், அப்புறம் அது ஸ்க்ராம்பிளிங்கே இல்லை, குளிர்கால மலையேற்றம், கருவிகளே வேறு.

தனியாகப் போகிறீர்கள் என்பதால் இன்னும் கொஞ்சம். எந்த முகடு, எத்தனை மணிக்குள் திரும்புவேன், எத்தனை மணி தாண்டினால் உதவிக்கு அழைக்க வேண்டும் என்று வீட்டில் யாரிடமாவது எழுதிக் கொடுங்கள். தலைவிளக்கும் மாற்று பேட்டரியும் பையில் இருக்கட்டும். விசில் இருந்தால் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. போனில் 999 அழைத்தால் போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். சிக்னல் பலவீனமான இடத்தில் குறுஞ்செய்தி போகலாம், ஆனால் அதற்கு ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பி முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், கிளம்புவதற்கு முந்தின நாளே செய்துவிடுங்கள். வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், இருட்டில் அந்த ஈர ஸ்லேட்டில் அவர்களும் கால் வைத்துத்தான் உங்களிடம் வர வேண்டும்.

நவம்பரில் ஷார்ப் எட்ஜுக்கே போகக் கூடாதா என்று கேட்டால், நான் போவேன்: தொடர்ந்து மூன்று நாள் மழையில்லாமல், காற்று அடித்துக் காய்ந்து, உறைபனியும் இல்லாத ஒரு காலையில், ஜூனில் என்னோடு வந்த அந்த நண்பர் எனக்கு முன்னால் போவதாக இருந்தால்.