மெரெங்கேயும் பச்சாட்டாவும்: மேல்தட்டின் வாசலில்

கரீபியன் நாடான டொமினிக்கன் குடியரசில் மெரெங்கே, பச்சாட்டா இரண்டுமே எளியவர்களின் இசை. ஏற்கப்பட்ட வழிதான் வேறு. 1930இல் ஆட்சியைப் பிடித்த சர்வாதிகாரி ட்ருஹியோ, மெரெங்கேயைத் தன் பிரசாரத்துக்கு எடுத்துக்கொண்டார். அக்கார்டியன், தம்போரா மேளம், குயிரா என்னும் உலோகச் சுரண்டி என்றிருந்த சிபாவோ வட்டாரக் கிராமத்து இசை, சாக்சபோன் வரிசையோடு நடன அரங்குகளில் ஏறியது.

பச்சாட்டாவுக்கு அந்த அரசு ஆதரவு இல்லை. பாடகர் ஹோசே மனுவேல் கால்டெரோன் 1962இல் அதன் முதல் பதிவுகளைச் செய்தார். கிட்டார், போங்கோ மேளம், மராக்காஸ் என்னும் கிலுக்கி போதும், செலவும் குறைவு. (மராக்காஸின் இடத்தைப் பின்னாளில் குயிரா பிடித்தது.) ஆனால் மதுக்கடைப் பாட்டு, விலைமாதர் விடுதிப் பாட்டு என்று ஒதுக்கினார்கள்; ரேடியோ குவாராச்சிட்டா என்ற நிலையம்தான் அதைத் தொடர்ந்து ஒலிபரப்பியது. 1990களின் தொடக்கத்தில் பாடகர் ஹுவான் லூயிஸ் கெர்ரா மெருகேற்றிப் பாடிய பிறகே நடுத்தர வர்க்கம் காதுகொடுத்தது. முப்பது ஆண்டுகள் அதைச் சுமந்தவர்களுக்கு இது அநீதி. யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் மெரெங்கே 2016இல் முந்தியது. பச்சாட்டா 2019இல்தான் சேர்ந்தது.