ஹிட்லர் இளைஞர் படை பேட்ஜா, வாண்டர்ஃபோகல் வழிச் சின்னமா?

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஜெர்மன் பையன்களும் பெண்களும் சீருடையில் குத்திக்கொண்ட சின்னங்களைச் சேர்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் நாஜிக் கட்சியின் ஹிட்லர் இளைஞர் படை அணிந்த சிவப்பு வெள்ளை டைமண்ட் வடிவ பேட்ஜில்தான் போய் விழுகிறார்கள். நானும் அப்படித்தான் விழுந்தேன். இப்போது யாராவது கேட்டால் அந்தப் படைக்கு வெளியே இருந்த, வாண்டர்ஃபோகல் வழிவந்தவை போன்ற சுதந்திரக் குழுக்களின் பக்கம் போகச் சொல்வேன். அங்கேயும் தலைவலி உண்டு, ஆனால் வேறு மாதிரித் தலைவலி.

முதலில் டைமண்ட். 1926-ல் தொடங்கிய அந்தப் படையில் 1939 வாக்கில் 70 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள் இருந்தார்கள், அதனால் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. பின்பக்கத்தில் ஆர்இசட்எம் முத்திரையும் எம்1 என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். ஆர்இசட்எம் என்பது மியூனிக்கில் இருந்த நாஜிக் கட்சி அலுவலகம். கட்சிக்குச் சீருடையோ சின்னமோ செய்கிற எந்தப் பட்டறையும் அதனிடம் உரிமம் வாங்கியாக வேண்டும். எண்ணை வைத்து எந்தப் பட்டறை என்று கண்டுபிடித்துவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த எண் பட்டியல் நம்மிடம் இருப்பது போலவே போலி அடிக்கிறவனிடமும் இருக்கிறது. நான் முதலில் வாங்கிய டைமண்டில் முத்திரை, எண், ஊசி எல்லாம் கச்சிதம். சந்தேகத்தில் ஓரத்தை ஊசியால் லேசாகக் கீறினேன், சிவப்பு அப்படியே சுருளாக உரிந்து வந்தது. பிசின்! அசல் எனாமல் சூளையில் உருக்கிய கண்ணாடி, தட்டினால் சில்லு தெறிக்குமே தவிர உரியாது. தங்க விளிம்பு வைத்த ரகம் இன்னும் மோசம். 1932 அக்டோபர் 2-க்கு முன்பே சேர்ந்திருந்தவர்களுக்குக் கொடுத்தது அது, அசல் குறைவு, விலை அதிகம், அதனால் போலியும் அதிகம். புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அதே படையின் சாமான்தான் வேண்டும் என்றால் சட்டைக் கையில் தைக்கும் கறுப்பு முக்கோணத் துணி எனக்குப் பிடிக்கும். எந்த வட்டாரம் என்று அதில் எழுதியிருக்கும், பையன்களுக்கு மஞ்சள் எழுத்து. வட்டாரம் வட்டாரமாகச் சேர்த்தால் வரைபடமே கையில் வந்துவிடும். புற ஊதா விளக்கில் நூல் பளீரென்று ஒளிர்ந்தால் பெரும்பாலும் போருக்குப் பிந்தைய சரக்கு. ஒளிரவில்லை என்பதற்காக அசல் என்று துள்ளவும் கூடாது, பழைய நூல் தேடித் தைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, மறுபக்கம். 1901-ல் பெர்லினை ஒட்டிய ஷ்டெக்லிட்ஸில் தொடங்கிய வாண்டர்ஃபோகல் நடைபயணக் குழுதான் மூலம். 1920-களில் அதிலிருந்தும் சாரணர்களிடமிருந்தும் கிளைத்த குழுக்களுக்குக் கணக்கே இல்லை. 1926-ல் டாய்ச்ச ஃப்ரைஷார், 1929-ல் எபர்ஹார்ட் கோபெல் ஆரம்பித்த டி.ஜே.1.11 என்ற குழு. இன்னொரு பக்கம் 1919-லேயே தொடங்கிவிட்ட, கிறிஸ்துவைக் குறிக்கும் பி.எக்ஸ் எழுத்துச் சின்னம் அணிந்த நாய்டாய்ச்லாண்ட் கத்தோலிக்க மாணவர்கள். எல்லாருக்கும் பொதுவான அலுவலகம் இல்லை, ஆர்இசட்எம் மாதிரி முத்திரையும் இல்லை. ஒரு ஊசிச் சின்னத்தை மேசையில் வைத்துவிட்டு இது யாருடையது என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஹெஸ்ஸனில் லுட்விக்ஷ்டைன் கோட்டையில் இந்த இயக்கங்களுக்கென்றே ஒரு ஆவணக் காப்பகம் இருக்கிறது, அடையாளம் காண அதுதான் பெரிய துணை.

1933-ல் ஹிட்லர் இளைஞர் படைத் தலைவர் பால்டுர் ஃபொன் ஷிராக் கைக்கு அதிகாரம் வந்ததும் இந்தச் சுதந்திரக் குழுக்களைக் கலைத்தார்கள், 1935-ல் கத்தோலிக்க இளைஞர்கள் சீருடையும் சின்னமும் அணியவும் தடை வந்தது. அதற்குப் பிறகும் ஒருவர் இந்தக் குழுக்களின் சின்னத்தை வைத்திருந்தார் என்றால் மறைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். மறுபக்கம் எம்1 முத்திரையோடு லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளிய டைமண்ட். எனக்கு எது சுவாரசியம் என்று சொல்லவே வேண்டாம்.

சட்டச் சிக்கலும் ஒன்று. ஜெர்மனியில் குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவின்படி, டைமண்டின் நடுவில் இருக்கும் ஸ்வஸ்திகாவைப் பொதுவெளியில் காட்டுவது குற்றம். ஆராய்ச்சி, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, வீட்டுக்குள் வைத்திருப்பதற்குத் தடை இல்லை. அதனால் ஏலப் படங்களில் அதை மறைத்துத்தான் போடுகிறார்கள், நாம் பார்க்க வேண்டிய எனாமலும் அதோடு சேர்ந்து மறைந்துவிடுகிறது. பி.எக்ஸ் ஊசிக்கு இந்தத் தொல்லை கிடையாது. நான் இப்போது தேடுவதும் அதைத்தான், கூடவே அதைச் சட்டையில் குத்தியிருக்கும் பையனின் புகைப்படமும் கிடைத்தால் இரண்டு பங்கு கொடுத்தும் வாங்குவேன்.