வட்டைத் துடைத்தாயிற்று, எண் அப்படியே இருக்கிறது

சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரின் மேல்மாடிக் கடை ஒன்றில் 420 வெள்ளி கொடுத்து வாங்கிய லெனோவோ திங்க்பேட் டி14 பற்றி எழுதுகிறேன். பழைய மடிக்கணினி வாங்கியவர்கள் பெரும்பாலும் மூடியில் கீறல் உண்டா, மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்றுதான் எழுதுகிறார்கள். அதையும் கடைசியில் சொல்கிறேன். எனக்கு முந்திக்கொண்டு வந்த கேள்வி வேறு: இந்தப் பெட்டி யாருடையது என்று எந்தெந்தப் பதிவேடுகளில் எழுதியிருக்கிறது? நான் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவள். தேக்கா வட்டாரத்து மளிகைக் கடைகள், ஒரு தையலகம், ஒரு பூக்கடை ஆகியவற்றின் சம்பளப் பட்டியல்கள் என் கணினியில் இருக்கின்றன. ஊழியர்களின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அவற்றில் உண்டு. ஆகவே வேடிக்கைக்காகக் கேட்ட கேள்வி அல்ல இது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. என் பழைய கணினியில் இருந்தது ஏழாம் தலைமுறைச் செயலி; விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் அது இல்லை. புதியதற்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. கடையில் அடுக்கியிருந்தவை நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழித்தவை. கடைக்காரர் சீனர், பழுதுபார்க்கும் மேசையில் இருந்தவர் பட்டுக்கோட்டைப் பக்கத்து இளைஞர். "வட்டைச் சுத்தமாகத் துடைத்துத்தான் தருகிறோம் அக்கா" என்றார். பொய்யில்லை. வட்டில் இருந்த பழைய கோப்புகளைத் துடைத்துத்தான் இருந்தார்கள்.

யார் கையிலிருந்து வந்தாலும் கணினியை நானே ஒரு முறை அடியிலிருந்து மீட்டமைத்துவிடுவது என் வழக்கம். யீஷூன் வீட்டில் அதைச் செய்து வைஃபையில் இணைத்ததும், எனக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு நிறுவனத்தின் பெயர் வரவேற்புத் திரையில் வந்து நின்றது. அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் கேட்டது. கடையில் இது ஏன் தெரியவில்லை என்றால், இணையத்தில் இணைக்காமலே விண்டோஸை நிறுவி வைத்திருந்தார்கள். இணையம் இல்லாதவரை அந்தத் திரை வராது.

இதற்கு ஆட்டோபைலட் என்று பெயர். நிறுவனங்கள் தங்கள் கணினிகளை மைக்ரோசாஃப்டிடம் முன்கூட்டியே பதிவு செய்துவைக்கும் ஏற்பாடு. பதிவாவது பெயர் அல்ல; கணினியின் வரிசை எண், தாய்ப்பலகையின் அடையாள எண், வலைப்பின்னல் அட்டையின் முகவரி, வட்டின் எண், டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லின் விவரம் ஆகியவற்றிலிருந்து திரட்டிய நீண்ட சரம். வட்டை ஆயிரம் முறை துடைத்தாலும் அந்தப் பதிவு அசையாது, ஏனென்றால் அது வட்டில் இல்லை. புதிய விண்டோஸ் இணையத்தைத் தொட்டதும் தன் வன்பொருளைச் சொல்கிறது. எதிர்முனை உரிமையாளரின் பெயரைச் சொல்கிறது. எனக்கு வாய்த்தது கடவுச்சொல் கேட்கும் வகை. கடவுச்சொல்லே கேட்காமல், டிபிஎம் சில்லைச் சரிபார்த்துவிட்டுத் தானாகவே நிறுவனத்தின் மேலாண்மைக்குள் போய்விடும் வகையும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்று என்னிடம் வந்திருந்தால், முகம் தெரியாத ஒரு நிர்வாகி தொலைவிலிருந்தே அதில் மென்பொருள் ஏற்றலாம், என் வட்டை அழிக்கலாம். தையலகத்துச் சம்பளப் பட்டியலுக்கு நான் என்ன பதில் சொல்வது?

திரும்பக் கொண்டுபோனேன். "இணையம் இல்லாமல் மறுபடி நிறுவித் தருகிறேன் அக்கா, பிரச்சினை வராது" என்றார் பட்டுக்கோட்டைத் தம்பி. அடுத்த முறை மீட்டமைக்கும்போது வருமே என்றதும் சிரித்துவிட்டார். அவருக்கும் தெரிந்தே இருந்தது. கடைக்காரர் மழுப்பாமல் இரண்டு வழி சொன்னார்: பழைய நிறுவனம் பதிவை நீக்கும்வரை காத்திருக்கலாம், அல்லது அதே மாதிரியில் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். வேறொன்றை எடுத்துக்கொண்டேன். இந்த முறை என் கண்ணெதிரிலேயே மீட்டமைத்து, தம் கைப்பேசியின் இணையத்தில் இணைத்துக் காட்டினார் தம்பி. எந்தப் பெயரும் வராமல் வழக்கமான திரை வந்தது.

இன்னொன்றும் கேட்டேன். திங்க்பேட் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை நிரலில், ஆப்சொல்யூட் என்ற திருட்டுத் தடுப்புப் பகுதி உண்டு. அது இயங்கும் கணினியில் வட்டை மாற்றினாலும், புதிய விண்டோஸுக்குள் அதன் முகவர் நிரல் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். திருட்டுப்போன கணினியைத் தேடுகிறவருக்கு வரம். பழைய கணினி வாங்குகிறவருக்குத் தலைவலி. இயக்கு, முடக்கு, நிரந்தரமாக முடக்கு என்று அதில் மூன்று தெரிவுகள். மூன்றாவதைத் தேர்ந்தால் மீண்டும் இயக்க முடியாது. "நிச்சயமாகவா அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் அழுத்தினார். இந்தக் கடைக்கு நான் தரும் நட்சத்திரங்களில் பெரும்பங்கு அந்த அரைமணி நேரத்துக்கானது.

இனி, எவராலும் மாற்றித் தர முடியாத எண்கள். இணையத்தளம் எதுவும் உலாவி வழியாக உங்கள் கணினியின் வரிசை எண்ணையோ வலை அட்டையின் முகவரியையோ நேரடியாகப் படிக்க முடியாது. இதைத் தெரியாமல் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. ஆனால் நீங்கள் நிறுவும் மென்பொருளின் கதை வேறு. விண்டோஸில் தாய்ப்பலகையின் 128 பிட் அடையாள எண்ணைப் படிக்க நிர்வாகி உரிமைகூடத் தேவையில்லை. லினக்ஸில் அதே எண் நிர்வாகிக்கு மட்டுமே தெரியும்படி வைக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் 11 கட்டாயப்படுத்தும் டிபிஎம் சில்லில், தயாரிப்பிலேயே பதிந்த அடிப்படை மறையாக்கச் சாவி ஒன்று இருக்கிறது. அமைப்பில் போய் டிபிஎம்மை அழித்தாலும் மற்றவை போகுமே தவிர அது போகாது. சில இணைய விளையாட்டுகள் ஏமாற்று ஆட்டக்காரரைக் கணக்கோடு நிறுத்தாமல் வன்பொருளோடு சேர்த்துத் தடை செய்கின்றன. பிள்ளைக்குப் பழைய கணினி வாங்கித் தருகிறவர்கள் முன்னாள் ஆட்டக்காரரின் தண்டனையையும் சேர்த்து வாங்கிவிடக்கூடும்.

இதையெல்லாம் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்பதுதான் எனக்கு வியப்பு. 1999 ஜனவரியில் இன்டெல் தன் பென்டியம் 3 செயலிக்குள் 96 பிட் வரிசை எண் ஒன்றை வைக்கப்போவதாக அறிவித்தபோது, அமெரிக்காவில் தனியுரிமை அமைப்புகள் புறக்கணிப்புக்கே அழைப்பு விடுத்தன. எண்ணை அணைத்து அனுப்புகிறோம் என்று இன்டெல் இறங்கிவந்தது. அணைத்ததை மென்பொருளால் மறுபடி எழுப்ப முடியும் என்று ஜெர்மனியின் கணினி இதழ் ஒன்று காட்டியது. அதே ஆண்டு மார்ச்சில், பயனர் வேண்டாம் என்று சொல்லியும் விண்டோஸ் 98 பதிவின்போது வன்பொருள் எண் மைக்ரோசாஃப்டுக்குப் போகிறது என்பதும், ஆஃபிஸ் 97 கோப்புகளுக்குள் எழுதியவர் கணினியின் வலை அட்டை முகவரி ஒளிந்திருக்கிறது என்பதும் வெளிவந்தன. பென்டியம் 4-இல் அந்த வரிசை எண் இல்லை. அன்று ஓர் எண்ணுக்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம். இன்று என் மேசைமேல் இருக்கும் பெட்டியில் எத்தனை எண்கள்!

எண் தனியாகக் கிடக்கும்வரை அது எவரையும் சுட்டாது. பெயரோடு சேரும் இடம்தான் ஆபத்து. அந்த இடம் பெரிய நிறுவனத்தின் கிடங்கில் மட்டும் இல்லை, கடையின் உத்தரவாத அட்டையிலும் இருக்கிறது. கணினியின் வரிசை எண், வாங்கியவர் பெயர், கைப்பேசி எண், அதற்குக் கீழே அடையாள அட்டை எண்ணுக்கும் ஒரு கட்டம். அதை நிரப்ப மறுத்துவிட்டேன். சட்டப்படி தேவைப்பட்டாலோ, ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, 2019 செப்டம்பர் 1 முதல் நிறுவனங்கள் அந்த எண்ணை வாங்கக் கூடாது. "பழைய அட்டை, பழைய அச்சு" என்று கடைக்காரர் அந்தக் கட்டத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டார். 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவுகளுக்கான அரசுத் தளமான பிஸ்ஃபைலில் பெயரைத் தட்டினால் முழு அடையாள அட்டை எண்ணும் தெரிகிறது என்று ஊரே கொதித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மாற்ற முடியாத எண்ணின் சங்கடம் நமக்கு நன்றாகத் தெரியும்; கணினிக்கும் அப்படி ஒன்று இருப்பதைத்தான் யோசிப்பதில்லை. கரோசல் விற்பனைத் தளத்தில் பழைய கணினி விற்கிறவர்கள் அடிப்பக்க ஸ்டிக்கரை அப்படியே படமெடுத்துப் போடுகிறார்கள். அந்த வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தட்டினால் மாதிரியும் உத்தரவாத நிலையும் எவருக்கும் வந்துவிடும்.

என்னால் ஆனது ஒன்று: விண்டோஸின் வைஃபை அமைப்பில் வலை அட்டையின் வன்பொருள் முகவரியை மாற்றி மாற்றிக் காட்டும் தெரிவு இருக்கிறது. என் கணினியில் அது அணைந்திருந்தது, இயக்கினேன். முகவரியின் இரண்டாம் இலக்கம் 2, 6, ஏ (A), இ (E) ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது தற்செயல் முகவரி என்று கண்டுகொள்ளலாம். ஆனால் வயர்லெஸ்@எஸ்ஜி என்ற பொது வைஃபையில் கைப்பேசி எண்ணைக் கொடுத்து நுழைந்துவிட்டு, முகவரியை மறைத்தோம் என்று நிம்மதியாக இருப்பதில் அர்த்தமில்லை.

கணினியைப் பற்றி: பத்தாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி நினைவகம், விசைப்பலகை அருமை. நாள் முழுக்க எண்களைத் தட்டுகிறவளுக்கு அதுவே போதும். ஒளிப்படக் கருவிக்குத் தள்ளி மூடும் சிறு கதவு இருக்கிறது. இந்தக் கட்டுரையில் சொன்ன பாதுகாப்புகளிலேயே கண்ணால் பார்த்து நம்பக்கூடியது அது ஒன்றுதான். திரை வெளிச்சம் சுமார். மின்கலம் அரை நாள் தாண்டாது. மூடியில் கீறல் உண்டு, பொருட்படுத்தவில்லை. கடைக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். இணைத்துப் பார்க்காமல் விற்றதற்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

உத்தரவாதம் மூன்று மாதம். அட்டையில் வரிசை எண்ணை எழுதும்போது பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' எழுத்தைப் போட்டிருந்தார்கள். எண்ணைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு, அதைச் சரியாக எழுதித் தரும்படி நானே நின்று திருத்த வைத்தேன். தவறிருந்தால் உத்தரவாதம் செல்லாதாமே.