அட்வான்ஸா, ஆண்டு உயர்வா?

செங்கோட்டையில் பிள்ளை பார்க்க ஆள் வைத்திருப்பவர்களுக்கு மலைக்கு அந்தப்பக்கமுள்ள கேரளத்தை நினைத்துத்தான் பயம். 2018இல் புனலூர்ப் பாதை அகல ரயில் பாதையாகத் திறந்தபின் பயணமும் எளிது. அங்கே பிரசவித்த வீடுகளில் தாயையும் சிசுவையும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொள்ள நாம் தரும் சம்பளத்தைவிட நன்றாகவே கொடுக்கிறார்கள்.

ஆளைத் தக்கவைக்க இங்கே இரண்டு வழிகள்: மொத்தமாக அட்வான்ஸ் கொடுத்து மாதாமாதம் பிடிப்பது, அல்லது ஆண்டுதோறும் சம்பளத்தை உயர்த்துவது. இரண்டையும் செய்து பார்த்தேன்.

அட்வான்ஸ் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு உதவும். நமக்கும் சம்பளம் ஏற்றாமல் ஓடும். முதல் அக்காவுக்கு 20,000 ரூபாய் கொடுத்தேன். சம்பளம் 8,000, அதில் பிடித்தம் 2,000. நான்காம் மாதம் ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. நான் பாடம் நடத்தும் பள்ளியில் மணி அடிக்க அரை மணி நேரம் இருக்கிறது, இடுப்பில் இரண்டு வயது மகள் வாசலைக் காட்டி அழுகிறாள். இவளுக்குத் தூக்கம் வர யாருடைய காது மடலையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த பத்து நாளும் பகலில் தூங்கவில்லை.

நன்றி கெட்டவர் என்று திட்டினேன். பிறகுதான் உறைத்தது: பாக்கி 14,000 கையில் இல்லாதவர் ‘நின்றுகொள்கிறேன்’ என்று எப்படி முகத்துக்கு நேரே சொல்வார்? நான் கொடுத்த கடனே அவர் வாயை அடைத்துவிட்டது. (தனியார் பள்ளியை விட்டு அரசுப் பள்ளிக்கு நான் மாறியபோது என் விசுவாசத்தை யாரும் கேட்கவில்லை.)

அடுத்தவருக்கு 9,000, சித்திரைதோறும் 1,000 உயர்வு. விலகும்போது ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் தனியே. பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டம் வீட்டு வேலைக்கு வராது. கணக்கை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டேன். பதிலுக்கு நான் கேட்டது ஒன்றே: போவதை ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும்.

இரண்டாண்டு முடிந்து அவரும் புனலூருக்குத்தான் போனார். செலவுக் கணக்கில் இது அட்வான்ஸைவிட அதிகம். ஆள் நிலைப்பார் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஆனால் ‘டீச்சர், ஆவணி முடியும்வரை இருக்கிறேன், ஆள் பாருங்கள்’ என்றார். அந்த மாதம் புதியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மகளின் விரலைத் தன் காதிலிருந்து எடுத்து அவர் காதில் வைத்துப் பழக்கினார். கடைசி நாள் இரண்டாண்டுக்கான அந்தத் தனித்தொகை 11,000 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டார்.

இரவும் உடன் தங்குபவர்களுக்கு இது சரிப்படுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னிடம் இருந்தவர்கள் எல்லோரும் மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்பியவர்கள்.