பிஃப்ரெண்டர்ஸ், கோலாலம்பூர்: வழி சொல்ல மாட்டார்கள், கேட்பார்கள்

மனம் உடைந்தவர்கள் போனில் பேசுவதைத் தொண்டூழியர்கள் கேட்கும் சேவை பிஃப்ரெண்டர்ஸ். யோசனை கேட்கலாம் என்று அவர்களை அழைத்தால் ஏமாற்றம்தான். கடனை எப்படி அடைப்பது, கணவரோடு இருப்பதா பிரிவதா, எதற்கும் அவர்கள் முடிவு சொல்வதில்லை. அந்தச் சேவையின் பலமே அதில்தான் இருக்கிறது.

1953-இல் லண்டனில் பாதிரியார் சாட் வாரா தொடங்கிய சமாரிட்டன்ஸ் என்ற தற்கொலைத் தடுப்புச் சேவையின் வழியில் வந்த முறை இது. அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களில் பலர், தேநீர் கொடுத்த தொண்டூழியர்களிடம் பேசியே பாரம் இறங்கி, அவரைப் பார்க்காமலே போய்விட்டார்களாம். கோலாலம்பூரில் 1970 முதல் நடக்கிறது.

"இனிமே முடியாது" என்று ஒருவர் சொன்னால் நம் வீட்டில் என்ன பதில் வரும்? "குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போயிட்டு வா." கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்த நொடியிலிருந்து, ஏன் கோயில் உதவாது என்று வாதாடுவது அவர் வேலையாகிவிடுகிறது. "அதெல்லாம் செஞ்சு பார்த்தாச்சு" என்று இரண்டு முறை வந்துவிட்டால் மூன்றாவது யோசனையை விழுங்கிவிடுவதே நல்லது. அதற்கு மேல் பேசினால் அவர் போனை வைத்துவிடுவார்.

இங்கே கேள்வி வேறு மாதிரி வரும்: "எது முடியலன்னு சொல்றீங்க?" பிறகு மௌனம். அழைப்பவர் அழுதால் அழ விடுவார்கள். சொன்னதையே சுருக்கித் திருப்பிச் சொல்லி, சரியாகப் புரிந்ததா என்று பார்ப்பார்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்பார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மறைத்து வைத்தவருக்கு அது வாயைத் திறக்க ஒரு வழி.

எண் 03-7627 2929. 24 மணி நேரமும் உண்டு, சேவைக்குக் கட்டணம் கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் வருமோ என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை 2023-லேயே மலேசிய நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

குறை? தமிழில் பேச வேண்டுமானால் தமிழ் தெரிந்த தொண்டூழியர் அந்த நேரம் பணியில் இருக்க வேண்டும், எடுத்தவுடனே கேட்டுவிடுங்கள். லைன் கிடைக்காவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி அழையுங்கள். மாத்திரை விழுங்கிவிட்டார், மாடியில் நிற்கிறார் என்றால் இந்த எண் வேண்டாம், அவசர எண் 999-ஐ அழையுங்கள். பயிற்சி பெற்ற ஆலோசகரே வேண்டும் என்பவர்களுக்குச் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555 இருக்கிறது.